படம் தெரிகிறது, பதிவு எங்கே? டிவிஆர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்காணிப்புக் கேமரா மாட்டும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏணி பிடித்துக்கொண்டு நிற்கும்போது சில காட்சிகள் அப்படியே திரும்ப நடக்கின்றன. நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகள், சாதனங்கள்தான் மாறியிருக்கின்றன. லென்ஸின் மேல் ஒட்டியிருக்கும் தாளை உரிக்க மறப்பது, கேபிளின் பிஎன்சி முனையைப் பாதி திருகி விட்டுவிடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை அன்றைக்கே கண்ணில் பட்டு, அன்றைக்கே சரியாகிவிடும். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து, தேவைப்படும் நாளில் காலை வாரிவிடுகிற தவறுகள் வேறு. அவை பெரும்பாலும் டிவிஆரை, அதாவது கேமராக்களின் படத்தை வாங்கி ஹார்ட் டிஸ்க்கில் பதிந்துவைக்கும் சாதனத்தை, ஒட்டியே நடக்கின்றன.

அட்டைப் பெட்டியை நம்பி வாங்குவது

டிவிஆர் வரும் பெட்டியின் மேல் 1080 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே ‘என்’ என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். முழு 1080 பதிவு என்றால் 1920 × 1080 புள்ளிகள். 1080என் என்றால் 960 × 1080; அகலவாக்கில் சரிபாதி போய்விட்டது. திரை முழுக்க இழுத்துக் காட்டும்போது பார்ப்பதற்குச் சுமாராகத்தான் இருக்கும். வண்டி எண்ணைப் படிக்க வேண்டிய நாளில், எழுத்துகள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டிருப்பது தெரியும். ‘லைட்’ என்று முடியும் மற்ற அளவுகளிலும் இதே கதை.

‘5 மெகாபிக்சல்’ என்று போட்டிருக்கும் சில டிவிஆர்கள் எல்லாச் சேனல்களிலும் அந்த அளவில் பதியும். ஆனால் நொடிக்குச் சில பிரேம்கள் மட்டுமே. ஓடுகிறவன் ஒரு பிரேமில் வாசலிலும் அடுத்த பிரேமில் தெருவிலும் இருப்பான். வாங்குவதற்கு முன் விவரப் பட்டியலில் ‘ஒரு சேனலுக்கான பதிவு வேகம்’ என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அந்த வரியே இல்லாத சாதனத்தை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள்.

பழைய கேமராக்களை வைத்துக்கொண்டு டிவிஆரை மட்டும் மாற்றுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கோஆக்சியல் கேபிளில் வரும் உயர்தர சிக்னலில் டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்று மூன்று வகை உண்டு. அதற்கும் முந்தைய சிவிபிஎஸ் தனி. எல்லாவற்றையும் ஏற்கும் டிவிஆர்கள் இப்போது எளிதில் கிடைக்கின்றன, ஒன்றை மட்டும் ஏற்பவையும் இன்னும் சந்தையில் இருக்கின்றன. புதிய டிவிஆரில் படம் கறுப்பு வெள்ளையாகவோ, கலங்கலாகவோ வந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பல கேமராக்களின் கேபிளிலேயே வகையை மாற்றும் சின்னப் பொத்தான் தொங்கிக்கொண்டிருக்கும். நெட்வொர்க் வழியாக இணையும் ஐபி கேமராக்கள் மட்டும்தான் என்றால் டிவிஆர் பக்கமே போக வேண்டாம், அவற்றுக்கான பதிவுச் சாதனமான என்விஆர் வாங்குங்கள்.

நேரலையைப் பதிவு என்று நினைப்பது

இதைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எரிச்சல் அடங்குவதில்லை.

ஒரு மொத்த வியாபாரக் கிடங்கிலிருந்து அழைப்பு வந்தது. சரக்கு காணாமல் போயிருக்கிறது, எந்த நாள் என்று தோராயமாகத் தெரியும், எடுத்துக் கொடுங்கள் என்றார்கள். போனேன். சுவரில் பெரிய திரை, பதினாறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் கண்ணாடி போன்ற படம். பிளேபேக்கைத் திறந்து நாட்காட்டியைப் பார்த்தேன். பதிவு இருக்கும் தேதிகளின் கீழே ஒரு சின்னக் கோடோ புள்ளியோ இருக்கும். அந்த மாதத்தில் ஒரு தேதியிலும் இல்லை. முந்தைய மாதத்துக்குப் போனேன். பாதி வரை கோடுகள், அதன் பிறகு வெறுமை. ஹார்ட் டிஸ்க் அன்றைக்கே செத்திருக்கிறது.

டிஸ்க் செத்தால் டிவிஆர் கத்துமே, யாருக்கும் கேட்கவில்லையா என்றேன். கணக்குப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். “அந்தக் கீச்சுச் சத்தமா சார்? காது போய்விட்டது. பையன் ஒருவன் வந்து இரண்டே நிமிடத்தில் நிறுத்திவிட்டான்.” அமைப்புகளைத் திறந்தேன். டிஸ்க் பழுது, டிஸ்க் நிரம்பியது, படம் வரவில்லை என எல்லா எச்சரிக்கைகளுக்கும் இருந்த பஸ்ஸர் குறிகள் ஒன்றுவிடாமல் எடுக்கப்பட்டிருந்தன. சாதனம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அதன் வாயை அடைத்துவிட்டு, வேலைக்குக் கூலியும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான் ஒருவன்.

டிஸ்க் இல்லாமலேயே நேரலை எப்படி ஓடுகிறது என்று கேட்பார்கள். கேமராவிலிருந்து வரும் படம் டிவிஆருக்குள் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நேராக மானிட்டருக்குப் போகிறது. இன்னொன்று சுருக்கப்பட்டு டிஸ்க்குக்குப் போகிறது. முதல் கிளைக்கு டிஸ்க் தேவையே இல்லை. டிஸ்க்கைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு டிவிஆரை இயக்கிப் பாருங்கள், பதினாறு கட்டங்களும் அழகாக வரும்.

டிஸ்க் நன்றாக இருந்தும் பதிவு இல்லாமல் போகிற வழிகளும் உண்டு. புது டிஸ்க்கை மாட்டிவிட்டு டிவிஆருக்குள் இனிஷியலைஸ் செய்யாமல், அதாவது பதிவுக்குத் தயார்படுத்தாமல், மூடிவிடுவது ஒன்று. பழையதை அழித்து மேலெழுதும் வசதியை அணைத்துவைப்பது இன்னொன்று. டிஸ்க் நிரம்பிய நாளோடு பதிவு நின்றுவிடும். மூன்றாவது, கால அட்டவணையில் தொடர் பதிவை எடுத்துவிட்டு ‘அசைவு இருந்தால் மட்டும்’ என்று மாற்றுவது. இடம் மிச்சமாகும் என்று சொல்லி இதைச் செய்கிறார்கள். அசைவு கண்டறியும் பகுதி வரையப்படாமலோ, உணர்திறன் மிகக் குறைவாகவோ இருந்தால், இருட்டில் மெதுவாக நடக்கிறவன் அந்த டிவிஆரைப் பொறுத்தவரை அசையவே இல்லை. வாசல், கல்லாப்பெட்டி, சரக்கு ஏற்றும் இடம் ஆகியவற்றுக்குத் தொடர் பதிவு. மூலை முடுக்குகளுக்கு வேண்டுமானால் அசைவுப் பதிவு. இதுதான் என் வழக்கம்.

சரிபார்க்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. என்னோடு வேலை செய்யும் பையனிடம் பிளேபேக் பார்த்தாயா என்று கேட்டேன். “பார்த்துவிட்டேன் அண்ணா, ஐந்து நிமிடத்துக்கு முந்தையது ஓடுகிறது” என்றான். ஐந்து நிமிடத்துக்கு முந்தையது ஓடுவதால் பாதிதான் உறுதியாகிறது. நாட்காட்டியில் மிகப் பழைய கோடு எந்தத் தேதியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தத் தேதிக்குப் போய், ஆள் நடமாட்டமில்லாத நள்ளிரவில், ஒவ்வொரு சேனலையும் ஒரு நிமிடம் ஓட்ட வேண்டும். நடுவில் ஒரு நாளை எடுத்துக் காலவரிசைப் பட்டையில் ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். டிஸ்க் பக்கத்தில் ‘நார்மல்’ என்று பச்சையாகக் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். பழுதான செக்டர்கள் பெருகிக்கொண்டிருக்கும்போதும் பல டிவிஆர்கள் அதையேதான் காட்டும். மாதம் ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்ய வாடிக்கையாளருக்கே சொல்லிக்கொடுங்கள். நம்மை நம்பி இருக்க வேண்டியதில்லை.

பஸ்ஸர் தொந்தரவு என்றால் இணையம் துண்டிக்கப்படும்போது கத்துவதை மட்டும் நிறுத்துங்கள். டிஸ்க் பழுதுக்கான சத்தத்தை யார் கெஞ்சினாலும் நிறுத்தாதீர்கள்; கூடவே கைபேசிக்கும் அறிவிப்பு போகும்படி வையுங்கள்.

டிஸ்க் கணக்கைக் கடைக்காரரிடம் விடுவது

கணக்கு எளியது. ஒரு கேமராவின் பிட்ரேட், அதாவது அதன் பதிவு எழுதும் தரவின் அளவு, நொடிக்கு 4 மெகாபிட் என்றால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 43 ஜிபி. எட்டுக் கேமராக்களுக்கு 345 ஜிபி சொச்சம். 1 டெராபைட் டிஸ்க் மூன்று நாள்கூடத் தாங்காது. முப்பது நாள் வேண்டுமென்றால் 10 டெராபைட்டுக்கு மேல் போய்விடும். வீடியோவை இன்னும் இறுக்கிச் சுருக்கும் எச்.265 முறையில் பிட்ரேட்டை 2 மெகாபிட்டாகக் குறைத்தால் அதில் பாதி. பிரேம்களைக் குறைத்தால் இடம் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். பிட்ரேட் நிலையாக வைக்கப்பட்டிருந்தால் ஒரு துளியும் மிச்சமாகாது. டிஸ்க்குக்குத் தெரிந்தது பிட்ரேட் மட்டுமே. டிவிஆர் எவ்வளவு பெரிய டிஸ்க்கை ஏற்கும் என்பதையும் வாங்குமுன் பாருங்கள்.

கணினியிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க்கை மாட்டுவது வேறொரு வியாதி. மேலே சொன்ன எட்டுக் கேமராக்கள் ஓர் ஆண்டில் எழுதுவது சுமார் 126 டெராபைட். சாதாரணக் கணினி டிஸ்க்குகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்களே குறிப்பிடும் அளவு ஆண்டுக்கு 55 டெராபைட். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை 24 மணி நேரமும் எழுதுவதற்கென்றே வருகின்றன. மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள்.

இரவில் மட்டும் படம் போனால் கேமராவை மாற்றுவது

பகலில் நன்றாக இருக்கும் கேமரா, இருட்டியதும் விட்டுவிட்டு வருகிறது அல்லது அணைந்து அணைந்து எரிகிறது. புதியவர்கள் உடனே கேமராவைக் கழற்றிவிடுகிறார்கள். இருட்டில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும்போது கேமரா இழுக்கும் மின்னோட்டம் கூடுகிறது. நீளமான, மெல்லிய கேபிளில் அப்போது வோல்ட்டேஜ் இறங்கிவிடும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளாக இருந்தால் இன்னும் மோசம்.

இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. கேமராவைக் கழற்றிவிட்டு, கேபிள் முனையில் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் கம்பீரமாகக் காட்டும். சுமை இல்லாதபோது வோல்ட்டேஜ் இறங்க வழியில்லை. கேமரா இணைப்பில் இருக்கும்போதே, ஒளி உணரியைக் கையால் மூடி விளக்குகளை எரியவிட்டு, கேமராவின் முனையில் அளக்க வேண்டும். 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கேமரா குற்றவாளி இல்லை. தடிமனான செம்புக் கேபிள் போடுங்கள், அல்லது பக்கத்திலேயே தனி பவர் சப்ளை வையுங்கள்.

திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும் டிவிஆரை மின்சுற்றுப் பலகை போய்விட்டதென்று தூக்கிப்போடுவது

முதலில் டிஸ்க்கின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு இயக்குங்கள். நிலையாக நின்றால், குற்றம் டிஸ்க்கில் இருக்கிறது அல்லது அடாப்டரில் இருக்கிறது. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். வயதான அடாப்டர் அந்த நேரத்தில் தளர்ந்துவிடும், டிவிஆர் அணைந்து மறுபடி எழும். நல்ல அடாப்டர் ஒன்றைக் கையோடு வைத்திருந்தால் தீர்ப்பு உடனே கிடைக்கும்.

காற்று புகாத அலமாரிக்குள் டிவிஆரைப் பூட்டிவைப்பது

டிஸ்க் வெந்துவிடும்.

தொழிற்சாலைக் கடவுச்சொல்லை அப்படியே விடுவது

2016ஆம் ஆண்டு மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே ஏராளமான கேமராக்களுக்கும் டிவிஆர்களுக்கும் உள்ளே நுழைந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அவற்றைக் கொண்டு, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் சேவையை நடத்திய டைன் (Dyn) நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே தடுமாறின. கடவுச்சொல்லை மாற்றுங்கள், வெளி இணையத்திலிருந்து டிவிஆருக்கு வழிவிடும்படி ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள்.

நேரத்தைச் சரிசெய்கிற அவசரம்

பலகையில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போது டிவிஆரின் தேதி பல ஆண்டுகள் பின்னே ஓடிவிடும். அதன்பின் பதிவாவதெல்லாம் அந்தப் பழைய தேதியில்தான் சேரும். நேற்றையப் பதிவைத் தேடினால் கிடைக்காது. 2000ஆம் ஆண்டுக்குப் போய்ப் பாருங்கள், அங்கே இருக்கலாம். நேரத்தை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைத்து, நேர மண்டலத்தையும் சரிபாருங்கள்.

ஆனால் சம்பவம் நடந்த பிறகு போகிறீர்கள் என்றால் கடிகாரத்தில் கை வைக்காதீர்கள். டிவிஆரின் நேரமும் உங்கள் கைபேசியின் நேரமும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஏழு நிமிடமா, ஏழு மணி நேரமா என்பது விசாரணையில் கேட்கப்படும்.

சம்பவத்துக்குப் பிறகு டிவிஆரை ஓடவிடுவது

மூன்று நாள் மட்டுமே தாங்கும் டிஸ்க்கில், கூடிப் பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பழைய பதிவின் ஒரு மணி நேரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. முதலில் அந்தப் பகுதியைப் பிரதி எடுங்கள். பென் டிரைவை டிவிஆர் கண்டுகொள்ளவில்லை என்றால் அதை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து மாட்டுங்கள். பல டிவிஆர்களுக்கு அது ஒன்றுதான் புரியும். பிரதியை டிவிஆரின் சொந்த வடிவத்திலும், அதை ஓட்டும் பிளேயரோடும் சேர்த்து எடுங்கள். எம்பி4 வடிவத்தில் ஒரு பிரதி கூடுதலாக இருக்கட்டும். திரையைக் கைபேசியில் படம்பிடித்து அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பாதீர்கள்.

பிரதி எடுக்கவே முடியவில்லை என்றால் டிவிஆரை முறையாக நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, தரவு மீட்பவரிடம் கொடுங்கள். வழியில் ஆர்வக்கோளாறில் அதைக் கணினியில் மாட்டிப் பார்க்க வேண்டாம். டிவிஆரின் கோப்பு அமைப்பைப் பெரும்பாலும் விண்டோஸ் அறியாது. டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். மாட்டித்தான் தொலைத்துவிட்டீர்கள் என்றால், கேன்சலை அழுத்துங்கள்.