துருவோடு சேர்த்து வரலாற்றையும் தேய்க்காதீர்கள்: பழைய கைக்கருவி சேகரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கருவி ஒன்று கைக்கு வந்ததும் பலரும் செய்யும் முதல் காரியம், அதைப் பளபளப்பாக்குவது. மோட்டாரில் மாட்டிய கம்பி பிரஷ், உப்புத்தாள், அப்புறம் வார்னிஷ். நூறு வருடப் பொருள் ஒரு மணி நேரத்தில் புதுசு போல ஆகிவிடும். சேகரிப்பில் நடக்கும் தவறுகளிலேயே திருத்தவே முடியாதது இதுதான். மற்ற தவறுகளைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். கருவியில் பொறித்த பெயர் போன்ற எழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டால் அது திரும்ப வராது.

பல கைவினைஞர்கள் வாழ்ந்ததற்கே அந்த எழுத்துதான் சாட்சி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மரத்தை இழைக்கும் கருவியான இழைப்புளியைச் செய்த சீசர் செலோரைப் பாருங்கள். கறுப்பினத்தவர். பிரான்சிஸ் நிக்கல்சன் என்ற இழைப்புளித் தயாரிப்பாளரிடம் அடிமையாக இருந்தவர். 1753-ல் நிக்கல்சன் இறந்தபோது, உயில்படி செலோருக்கு விடுதலையும் பட்டறைக் கருவிகளும் 10 ஏக்கர் நிலமும் கிடைத்தன. பிறகு தன் பெயரை முத்திரையாக அடித்து இழைப்புளிகள் செய்தார். அந்த முத்திரை இருக்கும் இடம் கட்டையின் முன்முகப்பு. அழுக்குப் போகட்டும் என்று அங்கே உப்புத்தாளை நாலு இழுப்பு இழுத்தால், அதைச் செய்தவர் யாரென்று இனி யாருக்கும் தெரியாது.

அதே முகப்பில் வேறு பெயர்களும் இருக்கலாம். அவை பெரும்பாலும் கருவியை வைத்து வேலை செய்த தச்சர்களுடையவை. தயாரிப்பாளர் பொதுவாக ஒரே ஒரு முறை, நடுவில் நேராக அடித்திருப்பார். சொந்தக்காரர்கள் பக்கவாட்டிலும் பின்னாலும்கூட அடித்து வைப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ஆனால் சொந்தக்காரர் பெயரைக் கறை என்று நினைத்து நீக்குவது அதைவிட மோசம்.

சரி, எப்படித்தான் சுத்தம் செய்வது? உதிர்கிற செந்துருவை மட்டும் எடுங்கள். இரும்போடு படிந்துபோன கரும்பழுப்பு நிறத்தை விட்டுவிடுங்கள். மெல்லிய எஃகுக் கம்பளியும் கொஞ்சம் எண்ணெயும் பெரும்பாலான கருவிகளுக்குப் போதும். சிட்ரிக் அமிலத்தில் ஊறப்போட்டால் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். மறந்து விட்டுவிட்டால் இரும்பே அரிக்கப்பட்டுச் சாம்பல் நிறமாகும், எழுத்துகளும் மங்கும். உளியையோ இழைப்புளித் தகட்டையோ சாணைச் சக்கரத்தில் கொடுத்து, விளிம்பு நீலமாக மாறினால் சூடு 300 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் எஃகின் பதம் போயிற்று, இனி கூர் நிற்காது. ஆளிவிதை எண்ணெயில் நனைத்த துணிகளைக் குவித்துப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

அடுத்தது, வார்ப்பில் உள்ள தேதியை நம்பி வாங்குவது. அமெரிக்க நிறுவனமான ஸ்டான்லியின் இரும்பு இழைப்புளிகள் சிலவற்றில் 1902-ல் இரண்டும் 1910-ல் ஒன்றுமாக மூன்று தேதிகள் இருக்கும். முதல் தேதியைப் பார்த்துவிட்டு ‘1902-ல் செய்தது’ என்பார்கள். அவை காப்புரிமை பெற்ற நாட்கள். 1910 தேதியைத் தாங்கிய கருவி 1910-க்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது, அவ்வளவுதான். ரம்பக் கைப்பிடியில் உள்ள பித்தளைப் பதக்கமும் இப்படித்தான் ஏமாற்றும். ‘வாரன்டட் சுப்பீரியர்’ என்றிருந்தால் அது கம்பெனிப் பெயர் என்று எண்ணிவிடுகிறார்கள். பல தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பயன்படுத்திய உத்தரவாத வாசகம் அது.

பாகங்கள் பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். உடல் ஒரு காலம், மூடி இன்னொரு காலம், கைப்பிடி நேற்றையது என்று சேர்த்து விற்பவர்கள் உண்டு. ஆனால் தகடு மட்டும் பிந்தையது என்றால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். தினமும் தீட்டினால் தகடு தேய்ந்துதானே போகும்! தச்சர் புதியது வாங்கிப் போட்டிருப்பார், அது அந்தக் கருவியின் நேர்மையான வாழ்க்கை.

பெட்டியோடு கிடைத்த கருவிகளைப் பிரித்து, நல்லதை மட்டும் எடுத்துக்கொள்வது எனக்கு மிகவும் வலிக்கிற தவறு. இங்கிலாந்தில் பெஞ்சமின் சீட்டன் 1797-ல் செய்த கருவிப்பெட்டி, உள்ளிருந்த கருவிகளோடும் அவற்றின் பட்டியலோடும் ராச்செஸ்டர் கில்ட்ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு தச்சருக்கு அந்தக் காலத்தில் என்னென்ன தேவைப்பட்டன என்று தெரிய, தனித்தனியாகச் சிதறிய ஆயிரம் உளிகள் உதவாது. அந்த ஒரு பெட்டி உதவும். அதனால் முதலில் மொத்தமாகப் படமெடுங்கள். யாரிடமிருந்து வந்தது, என்ன தொழில் செய்தார் என்று எழுதி வையுங்கள். கருவி மேலேயே மையால் எழுதாமல் அட்டையில் எழுதிக் கட்டுங்கள்.

பித்தளையும் ரோஸ்வுட் மரமும் மின்னுகிறவற்றை மட்டுமே தேடுவதும் நல்லதல்ல. அமெரிக்கச் சேகரிப்பாளர் ஹென்றி மெர்சர் 1897-ல் பென்சில்வேனியாவில் சேகரிக்கத் தொடங்கியபோது, இயந்திரங்கள் வந்ததால் மக்கள் குப்பையாக ஒதுக்கிய கருவிகளைத்தான் வாங்கினார். டாய்ல்ஸ்டவுனில் அவர் கட்டிய அருங்காட்சியகம் 1916-ல் திறந்தது. பீப்பாய் செய்பவர், சக்கரம் செய்பவர், சேணம் தைப்பவர் என்று ஒவ்வொரு தொழிலின் கருவியும் இன்று அங்கே இருப்பது அதனால்தான்.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் கருவி எதனால் செய்யப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் (CITES) கடுமையான பட்டியலில் இருக்கிறது. பழைய இழைப்புளிக் கைப்பிடிகள் பலவும் அந்த மரம்தான். தந்தம் பதித்த அளவுகோல்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. பணம் கொடுப்பதற்கு முன்பே இரு நாட்டு விதிகளையும் பார்த்துவிடுங்கள்.