பெருமூளை வாதமுள்ள குழந்தையின் கைப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடப்பக்கம் பாதிக்கப்பட்ட நாலு வயதுக் குழந்தையிடம் திருகுமூடி போட்ட ஒரு டப்பாவைக் கொடுத்துப் பாருங்கள். டப்பாவைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் மூடியைத் திருகித் திறந்துவிடும். ஐந்தாறு நொடி வேலை. ‘சமத்து!’ என்று நாமும் கைதட்டுவோம். இடது கை அவ்வளவு நேரமும் மடியில் மூடியபடி கிடந்ததை யாரும் கவனித்திருக்க மாட்டோம்.

சிபி எனப்படும் பெருமூளை வாதத்தில், கருவிலோ பிறந்த சிறிது காலத்திலோ மூளைக்கு ஏற்பட்ட சேதம் பிறகு பெருகுவதில்லை. கையின் கதை அப்படியல்ல. எலும்பு வளரும் வேகத்துக்கு, இறுகிய தசை ஈடுகொடுத்து நீளாது. மணிக்கட்டு மடங்கும், கட்டை விரல் உள்ளங்கைக்குள் போய் ஒடுங்கும். அதோடு, ஒரு கை இருப்பதையே கணக்கில் எடுக்காமல் வாழ மூளையும் பழகிவிடும். பக்கவாதம் வந்த பெரியவர் முன்பு பயன்படுத்திய கையை மீட்கப் பார்க்கிறார். குழந்தைக்கோ அந்தக் கையால் எதையும் செய்த அனுபவமே இல்லை. அது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்பது என்றால் குழந்தை தானே முயல வேண்டும். நான் பார்க்கும் தவறுகளில் முக்கால்வாசி, அந்த முயற்சியை நாம் பிடுங்கிக்கொள்வதுதான்.

முதல் தவறு குழந்தை தவழும் முன்பே நடந்துவிடுகிறது. எட்டு மாதக் குழந்தை எதை நீட்டினாலும் ஒரே கையால் வாங்குகிறது. ‘இடக்கைப் பழக்கம் போலிருக்கிறது’ என்று வீட்டில் பெருமைப்படுகிறார்கள். ஒரு வயதுக்கு முன் குழந்தைக்குக் கைப்பழக்கம் இப்படி உறுதிப்படக் கூடாது. அது மற்றக் கை வரவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது, தேய்த்துவிடுவதையும் நீட்டிவிடுவதையும் தெரபி என்று நினைப்பது. அரை மணி நேரம் படுக்கவைத்து, கையைத் தூக்கி இறக்கி, விரலை விரித்து மூடி, ‘இன்றைய பயிற்சி முடிந்தது’ என்பார்கள். அந்த அரை மணியில் உழைத்தது அம்மாவின் கை. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு 2013-ல் சிபி சிகிச்சைகளையெல்லாம் போக்குவரத்து விளக்கு போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்தது. கைக்கான பச்சையில் இருந்தவை, நல்ல கையைக் கட்டுப்படுத்தி மற்றதைப் பழக்குவது, இரு கைப் பயிற்சி, குறிப்பிட்ட ஒரு செயலை இலக்காக வைத்துப் பழகுவது, வீட்டுப் பயிற்சித் திட்டம் ஆகியவை. எல்லாவற்றிலும் குழந்தைதான் செய்கிறது. நீட்டிவிடுவது அந்தப் பச்சையில் இல்லை. அழுத்தமூட்டிய ஆக்சிஜன் அறைச் சிகிச்சை சிவப்பில் இருந்தது. அதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

கையின் மேல் கை வைத்துச் செய்யவைப்பதும் கிட்டத்தட்ட இதே வகைதான். ஒரு முறை காட்டிக்கொடுக்கலாம். பிறகு நம் கையை எடுத்துவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து எண்ணிக்கை பெற்றோருக்கு எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். ஆனால் குழந்தை தோளைத் தூக்கி, உடம்பைச் சாய்த்து, விரலை அரைகுறையாகத் திறப்பது ஏழாவது எட்டாவது எண்ணில்தான்.

மூடிய கையைத் திறக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தினமும் கை கழுவும்போது இது நடக்கிறது. பலரும் விரல் நுனிகளைப் பிடித்து இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க இறுக்கம் கூடும். விரலை மடக்கும் தசைநாண்கள் முன்கையில் தொடங்கி மணிக்கட்டைத் தாண்டி வருகின்றன. அதனால் முதலில் மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடியுங்கள். நாண்கள் தளர்ந்து, விரல்கள் தாமாக நெகிழும். அடுத்து, கட்டை விரலை அதன் அடிமேட்டோடு சேர்த்துப் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். நுனியை இழுத்தால் இடையிலுள்ள மூட்டு தளர்ந்து பின்னால் வளையத் தொடங்கும். அதன்பின் விரல்களை விரித்து, கடைசியாக மணிக்கட்டை நிமிர்த்துங்கள். சட்டை போடும்போது பாதித்த கை முதலில் நுழையட்டும், கழற்றும்போது அது கடைசியாக வரட்டும். அந்தக் கையைப் பிடித்துத் தூக்குவது மட்டும் எப்போதும் வேண்டாம்.

நல்ல கையைக் கட்டுப்படுத்தும் முறையைப் பற்றிப் படித்துவிட்டு, நாள் முழுக்க அதைக் கட்டிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தை அழுது ஓய்ந்து, விளையாடுவதையே நிறுத்திவிடும். இது பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைகளுக்கான முறை. மெத்தென்ற கையுறை போதும். யாராவது கூடவே இருக்க வேண்டும். நடக்கும்போதும் படி ஏறும்போதும் கூடாது, விழுந்தால் ஊன்றக் கை வேண்டுமே. ஸ்வீடனில் ஆன்-கிறிஸ்டின் எலியாசன் குழு கைக்குழந்தைகளுக்காக வகுத்த முறையில் நாளுக்கு 30 நிமிட விளையாட்டுதான்.

கையுறை ஒரு கையைத்தான் பழக்கும். வாழ்க்கையில் பாதி வேலைக்கு இரண்டு கை வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கோர்டனும் ஜீன் சார்ல்ஸும் உருவாக்கிய இரு கைத் தீவிரப் பயிற்சி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதே டப்பாவை மேசைமேல் வைத்து, குழந்தையை நிற்கவைத்துக் கொடுங்கள். இடுக்கத் தொடை கிடைக்காது. மூடி திருகும்போது டப்பாவும் சேர்ந்து சுற்றும். ‘இடது கையை வை’ என்று நாம் சொல்லத் தேவையே இல்லாமல், அது வந்து பிடிக்கும். வாயால் நூறு முறை நினைவுபடுத்துவதைவிட, இரண்டு கை இல்லாமல் முடியாத வேலையைத் தேர்ந்து கொடுப்பது மேல்.

எத்தனை மணி நேரம்? வாரம் ஒரு முறை அரை மணி என்று வருடக்கணக்கில் இழுப்பது பணத்தையும் பொறுமையையும் தின்கிறது. 2020-ல் மிஷேல் ஜாக்மன் குழு ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு இது: ஒரு குறிப்பிட்ட இலக்கை எட்ட 14 முதல் 25 மணி நேரம், கையின் பொதுத் திறன் கூட 30 முதல் 40 மணி நேரம். வீட்டில் செய்வதும் இதில் சேரும். சில வாரங்களுக்குள் நெருக்கமாகச் செய்துவிட்டு இடைவெளி விடலாம். போட்டாக்ஸ் ஊசி போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். ஊசி தசையைத் தளர்த்துவது சுமார் 3 மாதம். அந்த மாதங்களில் பயிற்சி இல்லையென்றால் ஊசி வீண்.

சில விஷயங்களுக்குக் குழந்தையைத் திட்டவே கூடாது. ஒரு கையால் வரையும்போது மற்றக் கையும் கூடவே அசைகிறதா? சேதத்துக்குப் பின் மூளையின் ஒரே பக்கம் இரண்டு கைகளையும் இயக்கும்போது இப்படி நடக்கும். அது சேட்டை அல்ல. கை தானாக முறுக்கி அலையும் வகை சிபி உள்ள குழந்தையிடம் ‘ஆட்டாமல் வை’ என்றால் பதற்றத்தில் இன்னும் ஆடும். கால் தரையில் பதிய, முதுகு சாய, மேசை முழங்கை உயரத்தில் இருக்க உட்காரவைத்துப் பாருங்கள், பாதி ஆட்டம் அடங்கக்கூடும். பொம்மையைப் பாதித்த பக்கம் வைத்தால் திரும்பிப் பார்ப்பதே இல்லையா? அந்தப் பக்கப் பார்வை குறைந்திருக்கலாம், கண் பரிசோதனை தேவை.

‘நல்ல கை’, ‘முடியாத கை’ என்ற பேச்சையும் வீட்டில் நிறுத்திவிடலாம். நான் ‘உதவிக் கை’ என்பேன். அதன் வேலை அதுதான், மற்றக் கைக்கு இரட்டைப் பிறவியாக மாறுவது அல்ல. கைத்திறனை 5 நிலைகளாகப் பிரிக்கும் மேக்ஸ் அளவுகோல்கூட ஒவ்வொரு கையையும் தனித்தனியாக அளப்பதில்லை. இரண்டும் சேர்ந்து அன்றாடப் பொருள்களை எப்படிக் கையாள்கின்றன என்றே பார்க்கிறது.

இலக்கைப் பெரியவர்களே முடிவுசெய்வது இன்னொரு தவறு. ஒரு சிறுமியின் வீட்டில் எல்லோருக்கும் அவள் கையெழுத்து திருந்த வேண்டும் என்று ஆசை. அவளிடம் கேட்டேன். பையின் ஜிப்பைத் தானே மூட வேண்டுமாம். தினமும் தோழியைக் கேட்க வெட்கமாக இருக்கிறதாம். ஜிப்பின் அடியை இடது கை அழுத்திப் பிடிக்க வேண்டும், வலது கை இழுக்க வேண்டும். முதலில் பெரிய பை, ஜிப்பில் ஒரு வளையம் கோத்து. பிறகு வளையம் இல்லாமல். பிறகு பையை அவள் மடியில் வைத்து. இதுவரை கையெழுத்துப் பக்கம் நாங்கள் போகவில்லை.