குடல்நலக் குறைநிரப்பிகளைச் சோதிப்பது எப்படி?

வெள்ளவத்தைப் பாமசி ஒன்றின் கண்ணாடித் தட்டில் மாதக்கணக்காக வெயில் காயும் புரோபயோட்டிக் (உயிருள்ள நன்மைதரும் பற்றீரியாக்கள் அடங்கிய குறைநிரப்பி) போத்தலும், தொழிற்சாலையிலிருந்து குளிர்பதனத்தில் வந்திறங்கிய போத்தலும் பெயரில்தான் ஒன்று. ஆகவே, நிறுவனம் அனுப்பும் மாதிரிகளோடு நின்றுவிடாமல், வெவ்வேறு தொகுதி இலக்கங்களுடைய போத்தல்களைக் காலாவதி நெருங்கியவையும் அடங்கக் கடையில் விலைகொடுத்து வாங்குங்கள். 30 பாகை செல்சியஸ், 75 சதவீத ஈரப்பதன் என்ற வெப்ப ஈரவலய நிலையில் சிலவற்றை ஆறு மாதங்களேனும் வைத்திருப்பதும் அவசியம்.

பாதுகாப்பே முதற்படி. ஈயம், கட்மியம், ஆசெனிக், பாதரசம் ஆகியவற்றை அளவிட வேண்டும். மஞ்சள் சேர்ந்த பொருளாயின், நிறத்துக்காக ஈயக் குரோமேற்று கலக்கும் மோசடி தெற்காசியாவில் கண்டறியப்பட்டிருப்பதால், ஈயப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது. வயிற்றுநோய் தரும் சல்மொனெல்லா பற்றீரியா 25 கிராமில் இல்லாதிருக்க வேண்டும். "ஒரே இரவில் குடல் சுத்தம்" என விற்கும் பொடியில் பேதி உண்டாக்கும் மூலிகையான நிலாவாரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பேதியைக் குடல்நலமென்று எண்ணுவோர் நம்மிடையே ஏராளம்.

அடுத்தது உயிருள்ள பற்றீரியாக்களின் எண்ணிக்கை. ஒரு கிராம் பொடியை 9 மில்லிலீற்றர் பெப்டோன் நீரில் கலக்கி, அதிலிருந்து ஒரு மில்லிலீற்றரை அடுத்த குழாயின் 9 மில்லிலீற்றருக்கு மாற்றி, இவ்வாறு ஏழு குழாய்கள்வரை ஐதாக்குங்கள். புரோபயோட்டிக்குகளில் சேர்க்கப்படும் லக்டோபசிலஸ் பற்றீரியா எனில், ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு மில்லிலீற்றரை அதற்குரிய அகார் (பற்றீரியா வளர்க்கும் கூழ்) தட்டிலிட்டு, ஒட்சிசன் இல்லாத சூழலில் 37 பாகையில் 48 முதல் 72 மணித்தியாலம் வளரவிட்டு, 30 முதல் 300 குடியிருப்புகள் (பற்றீரியாக்கள் பெருகி உண்டாகும் புள்ளிகள்) உள்ள தட்டை மட்டும் எண்ணுங்கள். குழாய்க்குக் குழாய் பத்து மடங்கு ஐதாவதால், ஏழாம் குழாயின் தட்டில் 84 இருந்தால் கிராமுக்கு 84 கோடி. அரைக் கிராம் கொள்ளும் குளிசையில் 42 கோடி. சுட்டுத்துண்டு குளிசைக்கு 100 கோடி என்றால், பாதிக்கும் மேல் இறந்துவிட்டது.

உயிரோடிருப்பவை இரைப்பையைத் தாண்டுமா என்பதை, இரைப்பை நொதியான பெப்சினுடன் அமிலகாரக் குறியீடு (pH) 3இல் இரண்டு மணித்தியாலமும், பித்த உப்பு, கணையநொதியுடன் 7இல் இரண்டு மணித்தியாலமும் வைத்து, மீண்டும் எண்ணி அறியலாம்.

மனிதரில் சோதிக்க நெறிமுறைக் குழுவின் அனுமதியும், இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முற்பதிவும் தேவை. தோற்றத்தில் வேறுபடாத வெற்றுக் குளிசையை ஒரு பிரிவினருக்குக் கொடுத்து, யாருக்கு எது என்பது ஆய்வாளருக்கும் தெரியாதபடி நடத்துங்கள். அண்மையில் நுண்ணுயிர்க்கொல்லி எடுத்தவர்களைச் சேர்க்க வேண்டாம். நீரிழிவு மருந்தான மெற்போமின் வயிற்றைக் கலக்குவதோடு குடல் நுண்ணங்கிகளையும் மாற்றுவதால், அதை உட்கொள்வோரைத் தனியே பகுத்தாராய வேண்டும். பிரிஸ்டல் அளவுகோலின் ஏழு வகைப்படி மலத்தின் தன்மையையும், அன்றாட உணவையும் எழுதச் சொல்லுங்கள். கந்தசஷ்டி விரதமோ நோன்பு மாதமோ இடையில் விழுந்தால் உணவு மாறும், அதனுடன் முடிவும் மாறும். திகதியை முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

பங்கேற்றவர்கள் திருப்பித் தரும் போத்தல்களில் எஞ்சிய குளிசைகளையும் அதேபோல ஏழு குழாய்களில் ஐதாக்கி எண்ணுங்கள். அவர்கள் விழுங்கிய குளிசைகளில் உண்மையில் எவ்வளவு பற்றீரியா உயிரோடிருந்தது என்பதை அந்தத் தட்டுகளே காட்டும்.