ஆல்டோஸ்டிரோன் டெஸ்டுக்கு வருமுன் செய்ய வேண்டியவை

தஞ்சாவூரில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. சர்க்கரை டெஸ்டுக்கு வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று தெரிந்தே வருகிறார்கள். சீட்டில் 'ஆல்டோஸ்டிரோன், ரெனின்' என்று இருந்தால் மட்டும் பாதிப் பேருக்கு யாரும் எதுவும் சொல்லி அனுப்புவதில்லை. இது, ரத்தம் மெஷினுக்குப் போகுமுன்பே கெட்டுப்போகக்கூடிய டெஸ்ட்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பது அட்ரீனல் சுரப்பி. அதில் சுரக்கும் ஆல்டோஸ்டிரோன், உப்பை உடம்பில் நிறுத்திக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். அது தானாகவே அளவுக்கு மீறிச் சுரந்தால் பி.பி. ஏறும், ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்லிச் சிறுநீரகம் அனுப்பும் ரெனின் அடங்கிப்போகும். 1955-இல் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர் ஜெரோம் கான் இதை விவரித்து எழுதியதால் கான் நோய் என்பார்கள். மூன்று வகை மாத்திரை போட்டும் பி.பி. இறங்காதவர்களும், ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 mmol/L-க்குக் கீழே போனவர்களும் இந்த டெஸ்ட் பற்றி டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். பொட்டாசியம் சரியாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகத்தான் இருக்கும்.

முதல் வேலை, மாத்திரைகள். ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை போடுகிறவர்களுக்கு அதை நான்கு வாரம் நிறுத்திவிட்டு டெஸ்ட் எடுக்கச் சொல்வது வழக்கம். அட்டெனலால், மெட்டோப்ரலால் என்ற பி.பி. மாத்திரைகள், வலி மாத்திரைகள் எல்லாம் ரெனினைக் குறைத்து, இல்லாத நோயை இருப்பதுபோல் காட்டும். டெல்மிசார்டன் போன்ற பி.பி. மாத்திரைகள் ரெனினை ஏற்றி, இருக்கும் நோயை மறைக்கும். ஆனால் நீங்களாக ஒன்றையும் நிறுத்தாதீர்கள், பி.பி. எகிறினால் ஆபத்து. நிறுத்தலாமா, பதிலுக்கு வேறு மாத்திரையா, நிறுத்தாமலே எடுக்கலாமா என்பது டாக்டரின் முடிவு. எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இருமலுக்கு அதிமதுரம் சாப்பிடுகிறீர்களா? அதையும் சொல்லுங்கள். கைமருந்துதானே என்று பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். அதுவும் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, பி.பி.யை ஏற்றும்.

டெஸ்டுக்காக உப்பைக் குறைக்காதீர்கள். குறைத்தால் ரெனின் ஏறிவிடும். பொட்டாசியம் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

அன்று காலை எழுந்து குறைந்தது இரண்டு மணி நேரம் நடமாடிவிட்டு வாருங்கள். படுத்தே இருந்துவிட்டு வந்தால் அளவு மாறும். லேபுக்கு வந்ததும் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். கையில் ரப்பர் கட்டியதும் விரல்களை இறுக்கி இறுக்கித் திறக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. இங்கே அது வேண்டாம். பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். ஊசி உள்ளே போனதும் ரப்பரைத் தளர்த்தி, சில நொடி விட்டுத்தான் நான் ரத்தத்தை இழுப்பேன். குழாயை ஐஸில் வைக்கக் கூடாது. குளிரில் செயலற்ற ரெனின் விழித்துக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும். யாராவது ஐஸ் பெட்டியை எடுத்தால் தயங்காமல் கேளுங்கள்.

ரெனினோடு ஒப்பிட்டு ஆல்டோஸ்டிரோன் எவ்வளவு என்று பார்க்கும் விகிதம் கூடியிருந்தால், அடுத்து உப்புநீரை ரத்தக்குழாயில் ஏற்றிப் பார்க்கும் சலைன் டெஸ்ட், ஸ்கேன் என்று போகும். ஒரு பக்கச் சுரப்பியா, இரண்டுமா என்று பார்க்க அட்ரீனல் ரத்தக்குழாயிலிருந்தே ரத்தம் எடுப்பதும் உண்டு. ஒரு பக்கம் என்றால் அந்தச் சுரப்பியை லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடுவார்கள். சிலருக்கு அப்புறம் பி.பி. மாத்திரையே வேண்டியிருக்காது. இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரனோலாக்டோன்தான். ஆண்களுக்கு அதில் மார்பு வீங்கி வலிக்கலாம். வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், எப்ளிரினோன் என்று மாற்று இருக்கிறது.