பச்சிளங்குழந்தைக்குப் பவுடர் பால் தேவையா என்று முடிவு செய்வது எப்படி?

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தொடங்கி, 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; ஆனால் மூன்றாம் நாள் இரவில் குழந்தை ஓயாமல் அழ, பால் பற்றவில்லையோ என்று தவிக்கும் தாயிடம் அந்த ஒற்றை வரியை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது நியாயமன்று.

அழுகையை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், முதலில் ஈரத்துணிகளை எண்ணுங்கள்: முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து 6 முறையாவது சிறுநீர் போக வேண்டும். காம்பை மட்டுமின்றி அதைச் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துக் குழந்தை கவ்வுகிறதா, விழுங்கும் மெல்லிய ஒலி கேட்கிறதா என்றும் கவனியுங்கள். தொடக்கத்தில் எடை சற்றுக் குறைவது இயல்பே. அந்தக் குறைவு பிறந்த எடையில் 10 சதவீதத்தை நெருங்கினாலோ, எழுப்பினாலும் குடிக்காமல் குழந்தை துவண்டு கிடந்தாலோ, உடலில் மஞ்சள் நிறம் கூடினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கூடுதல் பால் தேவையென்று அவர் சொன்னால், பீய்ச்சிய தாய்ப்பாலே முதல் தேர்வு. அடுத்தது தாய்ப்பால் வங்கி, அதன் பிறகே பவுடர் பால், அதாவது கைக்குழந்தைகளுக்கென்றே தயாரித்த ஃபார்முலா பால். அப்படிக் கொடுக்க நேர்ந்த தாயை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு முறையும் முதலில் மார்பில் போட்டு, மிச்சத்தைப் பாலாடையில் (மூக்குள்ள சிறு கிண்ணம்) சிறுகச் சிறுகப் புகட்டுங்கள். டப்பாவில் குறித்த அளவுக்கு மேல் தண்ணீர் சேர்க்காதீர்கள்.