மனநல டாக்டரிடம் போகும் முன் அம்மாவிடம் கேட்க வேண்டியது

"மாசமா இருந்தப்போ காய்ச்சல் ஏதும் வந்துச்சாம்மா?" தம்பியை முதன்முதலாகக் கூட்டிப் போன அன்று டாக்டர் கேட்டதும், அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே "இல்லைங்க" என்று சொல்லிவிட்டார். ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறார். அஞ்சாம் மாசம் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தாராம். தம்பியின் மனச்சிதைவு நோய்க்கு (ஸ்கிசோஃப்ரினியா) தான்தான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டார்.

அதனால் சொல்கிறேன், இந்தக் கேள்வியை முதலில் வீட்டில் தனியாகக் கேளுங்கள். கேட்பதற்கு முன் இதைச் சொல்லுங்கள். 1957-இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் ஃப்ளூ பரவியபோது நாலு முதல் ஆறு மாதக் கருவாக இருந்தவர்களிடம் மனச்சிதைவு கூடுதலாக இருந்ததாக 1988-இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னால் வந்தவற்றில் சில ஒத்துப்போயின, சில போகவில்லை. கிருமியோடு மல்லுக்கட்டத் தாயின் உடம்பு சுரக்கும் பொருட்களே பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்கிறார்கள். ஆனால் காய்ச்சல் கண்ட தாய்மாரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. பரம்பரை, பிரசவச் சிக்கல், இளவயதில் கஞ்சா என்று பலதும் சேர்ந்துதான் வருகிறது.

"பொறந்தப்ப நல்லாத்தானே இருந்தான்?" என்பார். விடலைப் பருவத்தில் மூளை வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கழிக்கும், முருங்கையைக் கவாத்து செய்கிற மாதிரி. அது அளவு மீறுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். பதினெட்டு, இருபது வயதில் நோய் தலைகாட்டுவதை அப்படித்தான் விளக்குகிறார்கள்.

பிறகு ஒரு தாள் எடுங்கள். எந்த மாதம் காய்ச்சல், எத்தனை நாள், குறைமாதமா, பிறந்ததும் அழுதானா, சின்ன வயதில் மூளைக்காய்ச்சலோ வலிப்போ உண்டா, எந்த வகுப்பில் படிப்பு சரிந்தது, எப்போது கூட்டாளிகளை விட்டு விலகினான்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாள், பேனா எல்லாம் வேண்டாம். சில நாட்களிலேயே ஆள் அடியோடு மாறி, கூடவே காய்ச்சல், வலிப்பு, வாய் தானாகக் கோணுவது, நினைவு தப்புவது என்று இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் அழற்சியாக இருக்கலாம். பார்க்க மனச்சிதைவு போலவே இருக்கும், மருத்துவம் வேறு.

பழைய காய்ச்சலைத் துப்பறிய நீங்களாக ஸ்கேன் எடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். குழப்பமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த தடவை அம்மா தன் கையாலேயே எழுதினார்: "அஞ்சாம் மாசம், நாலு நாள் காய்ச்சல்." டாக்டரிடம் அவரே நீட்டினார்.