வேஸ்ட் பைப்புக்குச் சுவரில் ஓட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், சுவருக்குள் கரண்ட் வயர் போகிறதா பாருங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடலாம். புதிதாக வேலைக்கு வருகிற பசங்களும், வாடகைக்குக் கோர் கட்டிங் மெஷின் (சுவரில் வட்டமாக ஓட்டை போடுவது) எடுத்துத் தாங்களே இறங்குகிற வீட்டுக்காரர்களும் திரும்பத் திரும்பச் சறுக்குவது வேறு இடங்களில். இங்கே பேசுவது ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர். இரு பக்கப் பூச்சையும் சேர்த்தால் கனம் சுமார் 255 மி.மீ. வரும். பைப் 75 அல்லது 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீருக்கான பி.வி.சி. பைப்).

நாலு இஞ்ச் பைப்புக்கு நாலு இஞ்ச் பிட்

கடையில் "நாலு இஞ்ச்" என்று கேட்டால் தரும் பைப்பின் வெளி அளவு 110 மி.மீ. நாலு இஞ்ச் கோர் பிட் (மெஷினில் மாட்டும் குழல் வடிவ பிட்) போடும் ஓட்டை சுமார் 102 மி.மீ. எவ்வளவு தட்டினாலும் உள்ளே போகாது. 110 பைப்புக்கு ஐந்து இஞ்ச் பிட் (127 மி.மீ.) வேண்டும். 75 பைப்பை மூணு இஞ்ச் ஓட்டையில் (76 மி.மீ.) எப்படியோ நுழைத்துவிடலாம். ஆனால் வாட்டம் (சரிவு) கொடுக்கவும் இடமிருக்காது, சுற்றி அடைக்கவும் இடமிருக்காது. அதற்கு நாலு இஞ்ச் பிட்தான் சரி, சுற்றிலும் 13 மி.மீ. கிடைக்கும். சாக்கெட் முனைக்காக (அடுத்த பைப் நுழையும் அகன்ற முனை) ஓட்டையைப் பெரிதாக்க வேண்டாம், அது சுவருக்குள் வரவே கூடாது.

ஓட்டையின் உயரத்தைக் கண்ணால் முடிவு செய்வது

மற்ற தவறுகளில் பல சின்னச் செலவோடு போகும். இது போட்ட டைல்ஸைப் பெயர்க்க வைக்கும். ஆனாலும் சைட்டுக்கு சைட் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

மாடியில் இருக்கிற ஒரு ரூமைப் பாத்ரூமாக மாற்றுகிறார்கள் என்று வையுங்கள். சங்கன் ஸ்லாப் (பைப்புக்காகத் தாழ்த்திப் போட்ட தளம்) கிடையாது. பழைய தளத்தின் மேலேயே பைப்பைப் படுக்க வைத்து, தரையை உயர்த்தி டைல்ஸ் போடுவார்கள். பைப்பின் வாட்டம் 40-க்கு 1, அதாவது மீட்டருக்கு 25 மி.மீ. நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) கணக்கில் அடிக்கு ஏறக்குறைய இரண்டரை நூல். ஃப்ளோர் டிராப் (தரைத் தண்ணீர் இறங்கும் வளைந்த வாய்) சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தால், டிராப் பக்கம் பைப் 38 மி.மீ. உயரமாக இருக்க வேண்டும்.

சுவர் ஓரத்தில் 75 பைப்பின் அடிமட்டம் தளத்திலிருந்து 25 மி.மீ. உயரத்தில் என்று எடுத்துக்கொள்வோம். ஓட்டையின் மையம் அதற்கு மேல் 37, ஆக 62 மி.மீ. நாலு இஞ்ச் ஓட்டையின் கீழ்விளிம்பு தளத்துக்கு மேல் 11 மி.மீ.யில் நிற்கும். டிராப் பக்கம் பைப்பின் அடி 63 மி.மீ. அங்கிருந்து ஜாலி (டிராப்பின் மேல் சல்லடை மூடி) வரை டிராப்பின் உயரம் 150 என்றால், அந்த இடத்தில் டைல்ஸ் மட்டம் 213 மி.மீ. எட்டு இஞ்சுக்குச் சற்று மேல். டிராப்பின் உயரம் மாடலுக்கு மாடல் மாறும், எனவே டிராப்பைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு அளக்க வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? 62 மி.மீ. உயரத்தில் மெஷினைப் பிடிப்பது கஷ்டம். மெஷினின் உடம்பு தரையில் இடிக்கும். அதனால் "தளத்துக்கு நாலு இஞ்ச் மேலே வச்சுக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்று சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி. மையம் 40 மி.மீ. ஏறிவிட்டது. இனி டிராப்பும் 40 ஏற வேண்டும், டைல்ஸும் 40 ஏற வேண்டும், வாசற்படியும் ஏற வேண்டும். வீட்டுக்காரர் படி உயர ஒத்துக்கொள்ள மாட்டார். தரை மட்டம் ஏற்கனவே பேசி முடித்தாயிற்று. பாக்கி இருப்பது வாட்டம் ஒன்றுதான், அதைத்தான் வெட்டுவார்கள். பைப் மட்டமாகப் படுக்கும், அல்லது உள்பக்கம் சாயும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு சோப்பும் முடியும் படிந்து, குளிக்கும்போது தண்ணீர் கணுக்கால் வரை நிற்கும். அடைப்பு எடுக்க வருபவர் குச்சி விட்டுக் குத்திவிட்டுப் போவார், மறுபடி நிற்கும். டைல்ஸை உடைக்காமல் இதற்கு வழி கிடையாது.

எனவே கணக்கை வெளியிலிருந்து உள்ளே கொண்டு வாருங்கள். வெளியே ஸ்டாக் பைப்பில் (மாடியிலிருந்து கீழே இறங்கும் பைப்) ஒய் (Y வடிவ இணைப்பு) எங்கே உட்காரும், அல்லது தரைத்தளமானால் சேம்பரில் (வெளியே இருக்கும் கழிவுநீர்த் தொட்டி) எந்த மட்டத்தில் சேரும் என்பதை முதலில் பிடியுங்கள். அங்கிருந்து வாட்டத்தைக் கூட்டிக்கொண்டே டிராப் வரை வாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் சுவரில் குறி. உள்ளுக்கும் வெளிக்கும் மட்டம் பிடிக்க டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய்) போதும். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறி போடும்போது மையத்தோடு நிற்காமல் பைப்பின் அடிமட்டத்தையும் கோடாகப் போட்டு, பக்கத்தில் எண்ணை எழுதுங்கள். கோர் கட்டிங் ஆள் குறி இருக்கும் இடத்தில் போட்டுவிட்டுக் கூலி வாங்கிப் போவார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

மெஷின் இடிக்கிறதென்றால் சாரம் கட்டி வெளிப்பக்கத்திலிருந்து போடலாம். டைல்ஸை உடைக்கிற செலவோடு பார்த்தால் சாரத்துக்கு ஆவது பெரிதல்ல.

சென்னையின் பல தெருக்களில் ரோடு மேல் ரோடாகப் போட்டு வீடுகள் பள்ளமாகிவிட்டன. அங்கே தரைத்தளத்தில் வெளி சேம்பரின் மட்டம் உங்கள் பாத்ரூம் தரையைவிட மேலே இருக்கவும் கூடும். அப்படியானால் ஓட்டை எந்த உயரத்தில் போட்டாலும் பயனில்லை. தரையை உயர்த்துவதைத்தான் முதலில் பேச வேண்டும்.

ஏற்கனவே தப்பான உயரத்தில் ஓட்டை விழுந்துவிட்டதா? உளியை எடுத்துக் கீழ்ப்பக்கம் கொத்தி இறக்காதீர்கள். நாலு இஞ்ச் ஓட்டை எட்டு இஞ்சாகி, சுற்றியுள்ள கல் ஆட்டம் கண்டு, அடைத்த கலவையைச் சுற்றி வளையமாக விரிசல் விடும். ஐப்பசி மழையில் அந்த வளையம் உள்பக்கப் பெயிண்டில் அப்படியே தெரியும். பழைய ஓட்டையைக் கலவை போட்டு நிரப்பி, நன்றாக இறுகவிட்டுப் பிறகு புதிதாகப் போடுங்கள். பாதி காலி ஓட்டை மேல் பிட்டை வைத்தால் அது காலிப் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும்.

சிவப்பு நின்று சாம்பல் நிறம் வந்தால்

நிறுத்துங்கள். செங்கல் வெட்டும்போது வழியும் சேறு சிவப்பு. அது சாம்பல் நிறமாகவே வந்தால் பிட் கான்கிரீட்டைத் தொட்டிருக்கலாம். பிளிந்த் பீமோ (தரை மட்டத்தில் சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் உத்திரம்), லிண்டலோ (ஜன்னல், வாசல் மேல் இருப்பது), தளத்தின் விளிம்போ. தரைத்தளத்தில் தரையை ஒட்டிப் போடும் ஓட்டைகள் பிளிந்த் பீமில் விழுவது சகஜம். கம்பி அறுந்தபின் இன்ஜினியரைக் கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது?

ஹேமர் மோடில் டைமண்ட் பிட்

ஹேமர் மோட் என்றால் சுற்றுவதோடு இடிக்கவும் செய்யும், பிட்டின் பல் உதிரும். சுற்று மட்டும்தான்.

செங்கலில் ஆங்கர் போல்ட்டை நம்புவது

ஸ்டாண்டில் நிற்கும் மெஷினைச் சுவரோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட், கான்கிரீட்டில் பிடிப்பதுபோல் சூளைச் செங்கலில் பிடிக்காது. பிட் மாட்டிக்கொள்ளும் நேரத்தில் போல்ட் கல்லோடு பிய்த்துக்கொண்டு வரும். 12 மி.மீ. ஓட்டை ஒன்றை மறுபக்கம் வரை போட்டு, மரையிட்ட ராடை நுழைத்து, அந்தப் பக்கம் ஒரு பிளேட் வைத்து நட் முடுக்குங்கள். உடைந்த செங்கல் துண்டுகள் பிட்டுக்குள்ளேயே சுற்றினால் மெஷினை நிறுத்தி, அவற்றை எடுத்துவிட்டுத் தொடருங்கள். அப்படியே அழுத்தித் தள்ளினால் பிட் இறுகி மாட்டிக்கொள்ளும்.

ஒரே பக்கத்திலிருந்து முழுதாகத் துளைப்பது

மறுபக்கப் பூச்சு ஒரு தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து விழும். முதலில் 400 மி.மீ. நீள டிரில் பிட்டால் மையத்தில் ஒரு சிறு ஓட்டை. வெளியே எங்கே வருகிறது என்று பார்த்து, ஜன்னல் ஓரமோ சுவர் மூலையோ ஒரு அடிக்குள் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். பிறகு முடிந்தவரை இரண்டு பக்கமும் பாதிப் பாதி. 255 மி.மீ. சுவருக்குள் வாட்டம் 6 மி.மீ.தான், ஓட்டையில் இருக்கும் இடைவெளியே அதற்குப் போதும். ஓட்டை உள்பக்கம் மட்டும் சாயக்கூடாது. சாய்ந்தால் வெளியே விழும் மழைத்தண்ணீர் பைப்பின் மேலேயே ஊர்ந்து வீட்டுக்குள் வரும்.

சுவருக்குள் ஜாயிண்ட்

வேண்டாம். ஒரே துண்டாகப் போக வேண்டும், வெளியே ஃபிட்டிங் மாட்ட நாலு இஞ்சாவது நீட்டி விடுங்கள்.

வெள்ளை சிமெண்டால் அடைப்பது

பி.வி.சி.யைச் சிமெண்ட் பிடிக்காது. சுடுதண்ணீர் போகும்போது பைப் நீளும், ஆறினால் சுருங்கும். சில மாதத்தில் மயிரிழைக் கீறல், அதன் வழியே எறும்பு, ஈரம். சுவருக்குள் போகும் நீளத்தில் பைப்பின் மேல் சால்வெண்ட் சிமெண்ட் (பி.வி.சி. ஒட்டும் பசை) தடவி, காய்வதற்குள் சலித்த மணலைத் தூவுங்கள். காய்ந்தபின் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிடும், கலவை அதைப் பிடித்துக்கொள்ளும். வெளிமுகத்தில் 10 மி.மீ. பள்ளம் விட்டு, பாலியூரித்தேன் சீலண்ட் நிரப்புங்கள். செலவைப் பார்க்காவிட்டால் இன்னும் நல்ல வழி உண்டு. ஐந்து இஞ்ச் ஓட்டையில் 110 பைப் துண்டு ஒன்றை ஸ்லீவாக (வெளி உறையாக) பதித்து, அதனுள் 75-ஐ விடலாம். நாளைக்குப் பைப்பை மாற்ற வேண்டுமானால் சுவரைத் தொடவே வேண்டாம்.

சோதிக்காமல் மூடுவது

வெளி முனையில் டெஸ்ட் பிளக் (பைப் வாயை அடைக்கும் மூடி) போட்டு, டிராப்பின் வாய் வரை தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். இறங்கினால் ஜாயிண்ட் ஒழுகுகிறது. பிறகு பிளக்கை எடுத்து, முழுக்க வடிந்ததும் வெளி முனையில் டார்ச் அடித்துப் பைப்புக்குள் பாருங்கள். அடியில் எங்காவது தண்ணீர் பளபளவென்று தேங்கி நின்றால் அந்த இடத்தில் பைப் தொய்ந்திருக்கிறது. கிளாம்பையோ அடியில் வைத்த கல்லையோ சரிசெய்து, மறுபடி ஊற்றிப் பார்த்த பிறகே கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.